காட்ஸில்லா எக்ஸ் காங் டிரெய்லர்: அந்த ஓட்டத்த பத்தி பேசியே ஆகணும்

வால்வீச்சு
டிசம்பர் 4, 2023

மக்களே டிரெய்லர் வந்துடுச்சு. காலைல இருந்து எத்தனை தடவ ஓடவிட்டேன்னு கணக்கே இல்ல. காங் கைல அந்த இயந்திரக் கையுறை, குட்டி குரங்கு, சிம்மாசனத்துல உக்காந்திருக்கிற செம்பட்டை முடி வில்லன், முதுகு முள்ளெல்லாம் பிங்க் கலர்ல எரியுற காட்ஸில்லா, எல்லாம் சரி, எல்லாம் பாத்தாச்சு. ஆனா கடைசி ஷாட்டு? ரெண்டு பேரும் தோளோட தோள் ஒட்டி ஓடுறாங்களே, அத பாத்ததும் எனக்கு நெஞ்சுக்குள்ள ஏதோ சுருக்குன்னு ஆச்சு. சந்தோஷத்துல இல்ல.

நான் போன வெள்ளிக்கிழமைதான் ஜப்பான்காரங்க எடுத்த காட்ஸில்லா மைனஸ் ஒன் பாத்துட்டு வந்தேன். அந்தப் படத்துல அது தண்ணிக்குள்ள இருந்து தலைய மட்டும் நீட்டி ஒரு சின்ன மரப் படகத் தொரத்தும்போது நான் சீட்டு கைப்பிடிய கெட்டியா புடிச்சிக்கிட்டு இருந்தேன். அந்த பயம் இன்னும் உடம்ப விட்டு போகல, அதுக்குள்ள இந்த ஓட்டத்த பாக்கவும் இது அதே ஜீவன்தானான்னு தோணிடுச்சு. உங்க எல்லாருக்கும் எப்படி இருந்துச்சு, மனசுல பட்டத அப்படியே எழுதுங்க.

மூணாவது_தலை
டிசம்பர் 4, 2023

தல நான் அப்படியே எதிர்ப்பக்கம். அந்த ஷாட்டுல நான் கத்திட்டேன், பக்கத்து ரூம்ல இருந்தவங்க என்னாச்சுன்னு ஓடி வந்தாங்க. 2021 காட்ஸில்லா வெர்சஸ் காங் படத்துல அடிச்சிக்கிட்டவங்க இப்ப ஒண்ணா ஒரே பக்கம் ஓடுறாங்க, இத விட வேற என்ன வேணும் ஒரு டிரெய்லர்ல. எனக்கு முதல் நாள் முதல் ஷோ, முடிவு பண்ணியாச்சு.

மாத்ரா_ரசிகை
டிசம்பர் 4, 2023

எனக்கு ஓட்டம் ஓகே, பிங்க் ரொம்பவே புடிச்சிருக்கு. கலர் மாறினாலே கோவப்படறவங்களுக்கு ஒண்ணு ஞாபகப்படுத்தறேன், 2016 ஷின் காட்ஸில்லால வாயில இருந்து ஊதா வெளிச்சம் வந்து டோக்கியோவையே கொளுத்தினப்ப யாரும் அழகா இருக்குன்னு கேலி பண்ணல, உறைஞ்சு போய்தான் பாத்தோம். கலர் பிரச்சனையே இல்ல, அந்தக் கலர் வர்றப்ப படம் என்ன சொல்லுதுங்கறதுதான் விஷயம்.

என் கவலை வேற. டிரெய்லர் முழுக்க ஒரு ஃபிரேம்ல கூட மாத்ரா, அந்த ராட்சச அந்துப்பூச்சி, இல்ல.

பழைய_ரீல்
டிசம்பர் 4, 2023

வால்வீச்சு, உங்க வருத்தம் எனக்கு புரியுது, ஆனா காட்ஸில்லான்னா எப்பவும் பயங்கரமா மட்டும்தான் இருந்துச்சுங்கற மாதிரி எழுதறது சரியில்ல. ஷோவா காலத்து படங்கள, அதாவது 1954ல இருந்து 1975 வரைக்கும் வந்த பழைய காட்ஸில்லா படங்கள எடுத்துக்கோங்க. 1965 படத்துல வேற கிரகத்துல சண்டை ஜெயிச்சுட்டு துள்ளித் துள்ளி ஆடும், அந்த ஆட்டம் அப்ப ஜப்பான்ல பிரபலமா இருந்த ஒரு காமெடி மாங்காவுல இருந்து எடுத்தது. 1971ல ஹெடோராவ தொரத்திக்கிட்டு தன்னோட அணு மூச்சையே ராக்கெட் மாதிரி ஊதி பின்பக்கமா பறக்கும். 1973ல மெகலான் மேல வால தரைல வச்சு சறுக்கிக்கிட்டே வந்து ரெண்டு காலாலயும் உதைக்கும். இதெல்லாம் ரப்பர் சூட்டுக்குள்ள மனுஷன் நின்னு பண்ணது. இத்தனையும் பாத்து வளந்த கூட்டம் ஓடறதுக்கு போய் அதிர்ச்சி ஆகலாமா. இயக்குனர் ஆடம் விங்கார்ட் அந்தக் காலத்து படங்கள மனசுல வச்சுக்கிட்டுதான் இத எடுக்கறாருன்னு டிரெய்லர் பாத்தாலே தெரியுது.

குட்டி குரங்கும் அப்படித்தான். முதல் கிங் காங் 1933ல வந்துச்சு, அதே வருஷ கடைசிலயே காங்கோட மகன் படமும் வந்துடுச்சு. 1967ல காட்ஸில்லாவுக்கும் ஒரு பிள்ளை வந்துச்சு. பெரிய மிருகம் எங்க இருந்தாலும் கூடவே ஒரு குட்டி வந்து நிக்கும்.

வால்வீச்சு
டிசம்பர் 4, 2023

பழைய_ரீல் அண்ணே, 73 உதை எனக்கும் உயிர். ஓடக்கூடாது, ஆடக்கூடாதுன்னு நான் சொல்லவே இல்ல. அந்த ஷாட்டுல வெயிட் இல்ல. அதான் என் குறை. அவ்ளோ பெரிய உடம்புன்னு என் கண்ணு நம்ப மாட்டேங்குது. காரணத்த வார்த்தைல சொல்ல வரல எனக்கு, ஆனா கண்டிப்பா ஏதோ இருக்கு.

ஃபிரேம்_எண்ணி
டிசம்பர் 5, 2023

காரணம் இருக்கு, கொஞ்சம் நீளமா சொல்றேன், பொறுமையா படிங்க.

ஒரு பொருள் எவ்வளவு பெருசுன்னு நம்ம கண்ணு உயரத்த வச்சு முடிவு பண்றதில்ல, அது அசைய எவ்வளவு நேரம் எடுக்குதுங்கறத வச்சுதான் முடிவு பண்ணுது. புவியீர்ப்பு எல்லாத்துக்கும் ஒண்ணுதான். மனுஷன் தலை உயரத்துல இருந்து, 1.7 மீட்டர்னு வைங்க, ஒரு கல்லு விழுந்தா தரை தொட அரை செகண்டுக்கு கொஞ்சம் மேல. இந்த காட்ஸில்லா 2021 கணக்குப்படி 393 அடி, அதாவது 120 மீட்டர். அது தலைல இருந்து கல்லு விழுந்தா காத்து தடையெல்லாம் விட்டாக்கூட 5 செகண்ட் ஆகும். ஆக உயரம் 70 மடங்கு கூடினா நேரம் 70 மடங்கு கூடாது, அதோட வர்க்கமூலம், எட்டு மடங்குக்கு கொஞ்சம் மேல. இப்ப ஓட்டத்துக்கு வாங்க. நல்லா ஓடற ஆளு ஒரு செகண்டுக்கு மூணு அடி வைக்கறான்னு எடுத்துக்கிட்டா 120 மீட்டர் உடம்பு அதே மாதிரி ஓட ஒவ்வொரு அடிக்கும் கிட்டத்தட்ட 3 செகண்ட் எடுக்கணும். அந்த டிரெய்லர் ஷாட்டுல ஒரு அடிக்கும் அடுத்த அடிக்கும் நடுவுல 3 செகண்ட் இருக்கான்னு நீங்களே வாய்விட்டு எண்ணிப் பாருங்க. இல்லவே இல்ல. அதனாலதான் மூளை உடனே அந்த உடம்ப சின்னதா எடுத்துக்குது, வால்வீச்சுக்கு நெஞ்சுல சுருக்குன்னு ஆனதும் அதான்.

இது நான் கண்டுபிடிச்ச விஷயம் இல்ல, மினியேச்சர் எடுக்கறவங்க எல்லாரும் கைல வச்சிருக்கிற கணக்கு. 1954 முதல் படத்துல காட்ஸில்லாவோட உயரம் 50 மீட்டர், ஆள் உள்ள நின்னு நடிச்ச சூட்டு சுமார் 2 மீட்டர், அதாவது இருபத்தஞ்சுல ஒரு பங்கு. 25க்கு வர்க்கமூலம் 5. ஆக கணக்குப்படி கேமராவ அஞ்சு மடங்கு வேகமா ஓடவிட்டு எடுத்து சாதாரண வேகத்துல காட்டினா அட்டை வீடு இடிஞ்சு விழறது நிஜ கட்டிடம் விழற மாதிரி இருக்கும். அந்தப் படத்தோட எஃபெக்ட்ஸ் பாத்துக்கிட்ட எய்ஜி சுபுராயா கேமராவ வேகமா ஓடவிட்டதெல்லாம் இதுக்காகத்தான்.

ரப்பர்_சூட்
டிசம்பர் 5, 2023

ஃபிரேம்_எண்ணி, கைய குடுங்க. இதோட நான் ஒண்ணு சேத்துக்கறேன். சத்தமும் அப்படித்தான் செஞ்சாங்க. அந்த கர்ஜனை இருக்கே, இசையமைப்பாளர் அகிரா இஃபுகுபே யோசனை அது, டபுள் பேஸ் தந்திய தளர்த்தி பைன் பிசின் தடவுன தோல் கையுறையால அத உரசி இழுத்திருக்காங்க, அப்புறம் அந்த ஒலிப்பதிவ வேகம் குறைச்சு ஓடவிட்டிருக்காங்க. படத்தையும் மெதுவாக்கினாங்க, சத்தத்தையும் மெதுவாக்கினாங்க. அறுபத்தொம்பது வருஷம் ஆச்சு, இன்னும் அந்த சத்தம் கேட்டா முதுகு தண்டு சில்லுனு ஆகுது.

சூட்டுக்குள்ள இருந்த ஹாருவோ நகாஜிமா பத்தியும் சொல்லணும். முதல் சூட்டு 100 கிலோ கிட்ட, அத போட்டுக்கிட்டு பத்து மீட்டர் தூரம் நடக்கறதே பெரும்பாடு. மிருகக்காட்சி சாலைக்கு போய் யானை எப்படி காலெடுத்து வைக்குது, கரடி எப்படி திரும்புதுன்னு நின்னு பாத்துட்டு வந்து நடிச்சாரு. 1954ல இருந்து 1972 வரைக்கும் அவருதான் காட்ஸில்லா. அந்த நடைல இருக்கிற பாரம் நடிப்பு மட்டும் இல்ல, நிஜமாவே அந்த மனுஷன் சுமந்த பாரம்.

மூணாவது_தலை
டிசம்பர் 5, 2023

கணக்கு அருமை, ஆனா ஒரு அடிக்கு மூணு செகண்டுன்னா அந்த ஷாட்டு முடியறதுக்குள்ள டிரெய்லரே முடிஞ்சிடும் நண்பா. சண்டை படத்துக்கு வேகம் வேணும். இன்னொண்ணும் இருக்கு, அவங்க ஓடறது பூமிக்கு மேல இல்ல, ஹாலோ எர்த்துல, அதாவது பூமிக்கு உள்ள இருக்கிற இன்னொரு உலகத்துல. 2021 படத்துலயே உள்ள போற வழில புவியீர்ப்பு தலைகீழா மாறும்னு காட்டியாச்சு. அங்க நம்ம கணக்கு செல்லுபடியாகுமான்னே தெரியல.

ஃபிரேம்_எண்ணி
டிசம்பர் 5, 2023

ஹாலோ எர்த் பாயிண்ட ஒத்துக்கறேன், நல்ல பாயிண்ட். வேகத்த பத்தி சொன்னதும் நியாயம்தான், முழு கணக்குப்படி எடுத்தா யாரும் பாக்க முடியாது, எல்லா படமும் கொஞ்சம் ஏமாத்தித்தான் எடுக்குது. ஆனா ஏமாத்தும்போது கண்ணுக்கு ஒரு பிடி குடுக்கணும். கால் விழுந்ததும் தூசி மெதுவா எழும்பட்டும், பக்கத்துல மரம் ஒண்ணு சாயட்டும், பறவைக் கூட்டம் கலையட்டும், அது போதும். 2021 டிரெய்லர்ல விமானந்தாங்கிக் கப்பல் மேல காங் காட்ஸில்லா தாடைல குத்துவானே, அந்தக் குத்தும் கணக்குக்கு மீறின வேகம்தான். ஆனா கீழ கப்பல் இருக்கு. கப்பல் எவ்வளவு பெருசுன்னு நமக்கு தெரியும், அந்தக் கப்பலே அவங்க காலுக்கடியில தடுமாறுது. அதான் நம்பினோம்.

ஆழ்கடல்
டிசம்பர் 6, 2023

ரொம்ப நாளா இங்க படிக்கறதோட சரி, இன்னிக்குத்தான் எழுதறேன். கணக்கெல்லாம் எனக்கு தெரியாது, எங்க வீட்ல நடந்தத சொல்றேன்.

நேத்து ராத்திரி இந்த டிரெய்லர என் மகளோட பாத்தேன். ஆறு வயசு. காட்ஸில்லா காங் ரெண்டு பேரயும் பொம்மைல தெரியும், படம் எதுவும் பாத்ததில்ல. ஆரம்பத்துல என் கைய புடிச்சிக்கிட்டுதான் உக்காந்திருந்தா. அந்த செம்பட்டை குரங்கு வந்ததும் மூஞ்ச என் தோள்ல பொதச்சிக்கிட்டா. கடைசில ரெண்டு பேரும் ஓடறப்ப நிமிந்து பாத்துட்டு, "அப்பா இவங்க ரெண்டு பேரும் பிரண்ட் ஆயிட்டாங்களா"ன்னு கேட்டா. ஆமாம்மான்னேன். உடனே எந்திரிச்சு ரூம் முழுக்க ஓட ஆரம்பிச்சிட்டா, ஒரு கைல காட்ஸில்லா, ஒரு கைல காங், ரெண்டு பொம்மையயும் பக்கத்துல பக்கத்துல வச்சு. தூங்கற வரைக்கும் ஓடினா.

அந்த ஷாட்டு யாருக்காக எடுத்ததுன்னு எனக்கு அப்ப புரிஞ்சது. வால்வீச்சு சொல்ற வருத்தமும் பொய் இல்ல, நானும் 2014 காட்ஸில்லா படத்த தியேட்டர்ல பாத்து மிரண்டவன்தான்.

வால்வீச்சு
டிசம்பர் 6, 2023

ஆழ்கடல், இத ரெண்டு மூணு தடவ படிச்சேன். நன்றி எழுதினதுக்கு. பாப்பா ஓடினத நினைச்சா என் கோவம் பாதி குறைஞ்சிடுச்சு.

ஆனா 2014ன்னு சொல்லி என் காயத்த கிளறிட்டீங்க. அந்த டிரெய்லர் ஞாபகம் இருக்கா? விமானத்துல இருந்து வீரர்கள் குதிக்கறாங்க, காலுல இருந்து சிவப்பு புகை கோடு கோடா இறங்குது, கீழ நகரம் முழுக்க இருட்டும் புகையும், பின்னால லிகெட்டிங்கற இசையமைப்பாளரோட ரெக்வியம், அந்தக் குரல்கள் கூட்டமா ஓலமிடற மாதிரி. ஒருத்தனோட கண்ணாடி வழியா பாக்கறப்ப பக்கத்துல ஒரு சுவர் மாதிரி ஏதோ போகுது, அது சுவர் இல்ல, அதோட உடம்பு. முழுசா காட்டவே மாட்டாங்க. நான் அன்னிக்கு ராத்திரி தூங்கல. படத்துல அது வர்ற நேரம் ரொம்ப கம்மின்னு பல பேர் திட்டினாங்க, நடிகர் பிரையன் கிரான்ஸ்டன டிரெய்லர் முழுக்க காட்டிட்டு படத்துல சீக்கிரமே சாகடிச்சதுக்கும் திட்டினாங்க, அதுல எனக்கும் வருத்தம் உண்டு. ஆனா டிரெய்லர்னா அதான்.

பழைய_ரீல்
டிசம்பர் 6, 2023

டிரெய்லர் பேச்சு வந்ததால எனக்கு புடிச்சத சொல்லிடறேன். 1998 ஹாலிவுட் காட்ஸில்லா படத்த எவ்வளவு வேணும்னாலும் திட்டுங்க, அதோட முதல் டீசர் தங்கம். மியூசியத்துல டைனோசர் எலும்புக்கூடு, பிள்ளைங்க நின்னு பாத்துக்கிட்டு இருக்காங்க, தரை அதிருது, கூரைய பொத்துக்கிட்டு ஒரு கால் வந்து டிரெக்ஸ் எலும்புக்கூட்ட நொறுக்கிப் போட்டுடும். உலகத்துலயே பெரிய மிருகம்னு நாம நினைச்சத ஒரே மிதில சின்னதாக்கிட்டாங்க.

அப்புறம் 2007ல டிரான்ஸ்ஃபார்மர்ஸ் படத்துக்கு முன்னால போட்டாங்களே க்ளோவர்ஃபீல்ட் டிரெய்லர். பேரே போடல, தேதி மட்டும்தான். பார்ட்டி நடக்குது, வெளிய வெடிச் சத்தம், சுதந்திர தேவி சிலையோட தலை தெருவுல உருண்டு வந்து நிக்குது, அவ்வளவுதான். மிருகத்தோட ஒரு விரல் கூட தெரியல. படம் வர்ற வரைக்கும் அது என்னன்னு எத்தனை நாள் அடிச்சிக்கிட்டோம்.

2018ல காமிக் கான் விழாவுல விட்ட காட்ஸில்லா: கிங் ஆஃப் த மான்ஸ்டர்ஸ் டிரெய்லர் நேர் எதிர். அதுல எல்லாரயும் காட்டிட்டாங்க, மாத்ரா, ரோடான், கிடோரா, ஆனா பின்னால டெபுஸியோட க்ளேர் டி லூன். அவ்வளவு அழிவுக்கு நடுவுல அந்த பியானோ. எனக்கு கண்ணு கலங்கிடுச்சு.

மாத்ரா_ரசிகை
டிசம்பர் 6, 2023

அருவிக்கு பின்னால அவ இறக்கைய விரிக்கற ஷாட்டு!! அந்த வெளிச்சம்! என் பேரே அதனாலதான் வச்சேன்.

ஒரு யூகம் சொல்றேன், எழுதி வச்சிக்கோங்க. காங் அந்த கையுறைய அழகுக்காக போடல. கைக்கு ஏதோ பெரிய அடி பட்டிருக்கு. டிரெய்லர்ல அத போட்டிருக்கிற ஷாட்டு எல்லாமே சண்டை ஷாட்டு, முன்னால வர்ற ஷாட்டுல கை வெறுமனே இருக்கு. எரிஞ்சிருக்கும்னு நினைக்கறேன்.

மூணாவது_தலை
டிசம்பர் 7, 2023

பொம்மை கம்பெனி ரிலீஸ் பண்றதுக்காக போட்டதுன்னு நான் நினைச்சேன், உங்க யூகம் நல்லா இருக்கு. படம் பாத்துட்டு வந்து சொல்றேன்.

ரப்பர்_சூட்
டிசம்பர் 7, 2023

காங் பத்தி பேசறப்ப ஒண்ணு. 1933 காங் ஒரு அடி ஒன்றரை அடி உயர பொம்மை, உலோக எலும்புக்கு மேல முயல் தோல் போத்தினது, வில்லிஸ் ஓ பிரையனும் அவர் ஆளுங்களும் ஒவ்வொரு ஃபிரேமுக்கும் கையால நகத்தி எடுத்தாங்க. அந்தப் படத்துல காங்கோட முடி சிலிர்த்து சிலிர்த்து அலையும், உத்துப் பாருங்க. அது காத்து இல்ல, ஒவ்வொரு தடவையும் தொட்டு நகத்தின விரல் தடம். நான் அந்த முடியத்தான் பாத்துக்கிட்டே இருப்பேன், ஒரு மனுஷன் அங்க நின்னு இத தொட்டிருக்கான்ல.

ஃபிரேம்_எண்ணி
மார்ச் 11, 2024

இழைய திரும்ப மேல கொண்டு வர்றேன், மன்னிக்கணும், ஆனா இன்னிக்கு எழுதாம இருக்க முடியாது.

மைனஸ் ஒன் ஆஸ்கர் வாங்கிடுச்சு!!! சிறந்த விஷுவல் எஃபெக்ட்ஸ்! அந்தப் பிரிவுல ஜெயிச்ச முதல் ஜப்பான் படம், எழுபது வருஷத்துல காட்ஸில்லாவுக்கு முதல் ஆஸ்கர். 35 பேர், 610 ஷாட்டு. தகாஷி யமஸாகி இயக்குனர், எஃபெக்ட்ஸ் மேற்பார்வையும் அவரே. இயக்குனரா இருந்து இந்த விருத வாங்கினது இதுக்கு முன்னால ஸ்டான்லி குப்ரிக் ஒருத்தர்தான். அவங்க டீம் கைல காட்ஸில்லா பொம்மையோட மேடை ஏறினாங்க, ஷூவோட ஹீல்ஸ காட்ஸில்லா நகம் புடிச்சிருக்கிற மாதிரி செஞ்சு போட்டிருந்தாங்க.

அந்த கடல் காட்சிங்க இருக்கே, நாம டிசம்பர்ல பேசினோமே படகுத் தொரத்தல், அதுல தண்ணி செஞ்சவர் டீம்லயே ரொம்ப சின்ன வயசு, வீட்ல தன் கம்ப்யூட்டர்ல தண்ணி சிமுலேஷன் பண்ணிக்கிட்டு இருந்தத யமஸாகி பாத்துட்டு கடல் காட்சிங்கள கூட்டியிருக்காரு. தண்ணிதான் எல்லாத்துலயும் கஷ்டம், ஏன்னா தண்ணிய சின்னதாக்கவும் முடியாது பெருசாக்கவும் முடியாது, துளியோட அளவு மாறாது, பாத்ததும் கண்ணு கண்டுபிடிச்சிடும். அந்தக் காலத்து தொட்டி மினியேச்சர் எல்லாம் அங்கதான் மாட்டிக்கும். இதுல மாட்டிக்கல.

வால்வீச்சு
மார்ச் 11, 2024

நான் அழுதுட்டேன்ப்பா. அவ்வளவுதான் சொல்ல முடியும் இப்ப.

மைனஸ் ஒன் கர்ஜனைய பத்தி ஒரு விஷயம் படிச்சேன், ரப்பர்_சூட்டுக்கு புடிக்கும். அந்த சத்தத்த ஸ்டுடியோல வச்சு மட்டும் செய்யல, ஒரு பேஸ்பால் ஸ்டேடியத்துல பெரிய ஸ்பீக்கர் வச்சு ஓடவிட்டு அங்க எதிரொலிச்சு வர்றத திரும்ப பதிவு பண்ணியிருக்காங்க. அப்ப எனக்கு தியேட்டர்ல காது அடைச்சதுக்கு காரணம் இதான்.

கடைசி_வரிசை
மார்ச் 12, 2024

எல்லாருக்கும் வாழ்த்து. ஆனா எங்க பக்கம் அந்தப் படம் இன்னும் வரவே இல்லங்க. நீங்க எல்லாரும் பேசறத படிச்சு படிச்சு கதைய தவிர எல்லாம் எனக்கு தெரிஞ்சு போச்சு. பெரிய திரைல பாக்கற பாக்கியம் இல்ல போல. தெரிஞ்சவங்க கதைய மட்டும் சொல்லிடாதீங்க, கெஞ்சி கேக்கறேன்.

மூணாவது_தலை
மார்ச் 30, 2024

காட்ஸில்லா எக்ஸ் காங்: த நியூ எம்பயர் பாத்தாச்சு. கதை தெரிய வேணாம்னா இதுக்கு கீழ படிக்காதீங்க.

மாத்ரா_ரசிகை, உங்க கால்ல விழறேன். கைக்கு அடிதான். நெருப்பு இல்ல, குளிர். அந்த செம்பட்டை வில்லன் ஸ்கார் கிங் அடிமையா வச்சிருக்கிற ஷிமோங்கற மிருகத்தோட பனி மூச்சுல காங் கை உறைஞ்சு போகுது, அதுக்குத்தான் கையுறை. அப்புறம் இன்னொண்ணு, அவ வந்தா. மாத்ரா வந்தா. பிரமிடு பக்கத்துல காங்கும் காட்ஸில்லாவும் அடிச்சிக்கறப்ப நடுவுல வந்து நிறுத்தறதே அவதான். தியேட்டர்ல எனக்கு உங்க ஞாபகம்தான் வந்துச்சு.

மாத்ரா_ரசிகை
மார்ச் 30, 2024

நானும் நேத்தே பாத்துட்டேன்!! எழுத வார்த்தை வராம உக்காந்திருந்தேன். டிரெய்லர்ல அவள மறைச்சு வச்சதுக்கு அப்ப கோவப்பட்டேன், இப்ப அவங்களுக்கு நன்றி சொல்றேன். தெரியாம போய் பாத்ததாலதான் அந்த வெளிச்சம் வந்தப்ப அப்படி இருந்துச்சு.

எனக்கு இன்னொண்ணும் ரொம்ப புடிச்சது, வசனமே இல்லாம காங் பக்கம் நீளமா போகுதே, அவனும் அந்த குட்டி ஸூகோவும். குட்டி முதல்ல ஏமாத்துது, கடிக்குது, அப்புறம் காங் தன் சாப்பாட்ட பிச்சு நீட்டறான். நீட்டினது புரியாம குட்டி கொஞ்சம் பின்வாங்கி நிக்கும். இதுவரைக்கும் யாரும் அதுக்கு எதுவும் குடுத்ததே இல்லங்கறது அந்த ஒரு பின்வாங்கல்ல தெரிஞ்சிடும்.

ஃபிரேம்_எண்ணி
மார்ச் 31, 2024

ஓட்டம் படத்துல வந்தப்ப என் மனசு எதிர்பாத்த அளவுக்கு உறுத்தல. அதுக்கு அப்புறம் உடனே ஹாலோ எர்த்துல எடை இல்லாம மிதந்துக்கிட்டே ஒரு சண்டை வருதே, அங்க கணக்கே வேற, மூணாவது_தலை டிசம்பர்ல சொன்னது சரியாத்தான் இருந்துச்சு. ஆனா ரியோ நகரத்துல கட்டிடங்களுக்கு நடுவுல நடக்கற சண்டைல எனக்கு மறுபடி அதே குறை. கட்டிடம் இடியுது, ஆனா இடிஞ்சு விழ நேரம் குடுக்க மாட்டேங்கறாங்க, அடுத்த அடி அதுக்குள்ள விழுந்துடுது. ஒரே ஒரு கட்டிடத்த முழுசா விழவிட்டு கேமரா பாத்துக்கிட்டு நின்னிருந்தா அந்த சண்டையே மாறியிருக்கும்.

வால்வீச்சு
ஏப்ரல் 1, 2024

நான் ரெண்டு தடவ பாத்தேன். சண்டை எதுவும் என்ன அசைக்கல, உண்மைய சொல்றேன். ஆனா ஒரு ஷாட்டு இருக்கு. ரோம்ல கொலோசியத்துக்குள்ள காட்ஸில்லா சுருண்டு படுக்குதே. அந்த வட்டத்துக்குள்ள வால சுத்தி, தலைய கீழ வச்சு, ஒரு வீட்டுப் பிராணி தனக்கு பழக்கமான இடத்துல படுக்கற மாதிரி. முள்ளுல இருக்கிற நீல வெளிச்சம் மெதுவா அணையும். எவ்வளவு பெருசுன்னு எனக்கு அங்கதான் தெரிஞ்சது, அந்த கொலோசியமே அதுக்கு ஒரு படுக்கை அளவு. அது படுக்கறதுக்கு படம் நேரம் குடுத்துச்சு. டிசம்பர்ல இந்த ஷாட்டோட டிரெய்லர முடிச்சிருந்தா நான் இந்த இழைய வேற மாதிரி ஆரம்பிச்சிருப்பேன்.

கடைசி_வரிசை
ஜூன் 2, 2024

பாத்துட்டேன்! மைனஸ் ஒன் நேத்து நெட்ஃப்ளிக்ஸ்ல வந்துடுச்சு, எல்லா லைட்டையும் அணைச்சுட்டு ஹெட்போன் போட்டுக்கிட்டு பாத்தேன். பெரிய திரை இல்லதான். ஆனா டோக்கியோ கின்ஸாவுல அது முதல் தடவ மூச்ச விடறதுக்கு முன்னால முதுகு முள்ளு ஒவ்வொண்ணா வெளிய தள்ளுமே, டக், டக், டக்னு வால்ல இருந்து மேல வரைக்கும், அப்ப ஹெட்போன கழட்டணும் போல இருந்துச்சு, கழட்டல. அதுக்கப்புறம் வெளிச்சம், அப்புறம் காத்து எல்லாத்தையும் முதல்ல வெளிய தள்ளி திரும்ப உள்ள இழுக்குது, மேல காளான் மாதிரி மேகம், கருப்பு மழை. 1947 ஜப்பான்ல நிக்கற ஒரு மனுஷனுக்கு அந்த மேகம் என்னன்னு யாரும் சொல்ல வேண்டியதில்ல.

இத்தனை மாசம் கதைய சொல்லாம பாத்துக்கிட்ட எல்லாருக்கும் நன்றி.

பழைய_ரீல்
ஜூன் 2, 2024

கடைசி_வரிசை, இத பாத்துட்டீங்கன்னா அப்படியே 1954க்கு போங்க. அந்த வருஷம் மார்ச் 1ம் தேதி பிகினி தீவுல அமெரிக்கா ஹைட்ரஜன் குண்டு வெடிச்சப்ப ஒரு ஜப்பான் மீன்பிடிப் படகு மேல சாம்பல் விழுந்துச்சு, படகு பேரு லக்கி டிராகன் 5. அதே வருஷம் நவம்பர் 3ம் தேதி இஷிரோ ஹோண்டாவோட படம் ரிலீஸ். அந்தப் படம் ஆரம்பிக்கறதே கடல்ல ஒரு கப்பல் வெளிச்சத்துல மாட்டி அழியறதுலதான். தியேட்டர்ல உக்காந்திருந்தவங்களுக்கு அது எந்தப் படகுன்னு தெரியும். மைனஸ் ஒன் ஜப்பான்ல வந்ததும் அதே நவம்பர் 3தான்.

ஆழ்கடல்
ஜூன் 9, 2024

இந்த இழை இன்னும் ஓடுதுன்னு பாத்ததும் எழுதணும்னு தோணுச்சு.

மகள நியூ எம்பயருக்கு கூட்டிட்டு போனேன். ஓட்டம் வந்தப்ப சீட்டுல நின்னுக்கிட்டு கை தட்டினா. இப்ப அவளுக்கு ஏழு வயசு ஆகப் போகுது. போன வாரம் பழைய_ரீல் எழுதினத படிச்சுட்டு 1954 படத்த போட்டேன், கருப்பு வெள்ளை, சப்டைட்டில் வேற, பத்து நிமிஷத்துல எந்திரிச்சு போயிடுவான்னு நினைச்சேன். போகல. நான் கதைய காதுல சொல்லிக்கிட்டே வந்தேன்.

அந்த ஓடோ தீவு காட்சி, ஊர் ஜனங்க எல்லாம் மலை மேல ஏறி ஓடறாங்க, திடீர்னு மலை உச்சிக்கு பின்னால இருந்து அதோட தலை மட்டும் எட்டிப் பாக்குமே. அவ ஒண்ணும் கத்தல. என் கட்டை விரல மட்டும் அப்படியே புடிச்சிக்கிட்டா. ரொம்ப நேரம் கழிச்சு, மெதுவா கேட்டா, "அப்பா, மீதி உடம்பு எங்க இருக்கு?"

மலைக்கு அந்தப் பக்கம் இருக்கும்மான்னேன்.

"மலை அவ்வளவு சின்னதா?"

அந்த இடத்த மட்டும் மூணு தடவ திரும்ப போட சொன்னா.